கடலை சுற்றிய தாள்

காலையில் வாசற்கதவைப் பார்க்கும்படி விட்டுவிட்டுப் போன கேமரா, மாலையில் யோகராணி வேலை முடிந்து வந்தபோது பிள்ளையின் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வழக்கம்போல மழையில் நின்றபடி கதவைத் தட்டி, "நிரூ, அம்மா வந்துட்டேன், தொறப்பா," என்று குரல் கொடுத்திருந்தாள். வழக்கம்போல உள்ளே முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நாலரை வயது நிரூபா அதில் ஏறி நின்று கொண்டியை நீக்கினாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ராக்காயிக்குக் காது மந்தம், அதனால் கதவு திறப்பது நிரூபாவின் வேலை. அம்மா குரல் கேட்டால் மட்டும். வேறு யார் வந்து தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. இதைப் பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லியே யோகராணிக்கு வாய் வலித்திருக்கிறது.

சேலைக் கரையைப் பிழிந்துகொண்டு நிமிர்ந்தபோதுதான் கேமராவைக் கவனித்தாள். சோகேஸின் மேல் தட்டில், ஒட்டகப் பொம்மைக்கும் பிளாஸ்டிக் பூச்சாடிக்கும் நடுவில், அந்த வெள்ளை உருண்டைத் தலை தன் சின்னப் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு இருந்த இடத்தில்தான் இருந்தது. பார்வை மட்டும் கீழே, பாயில், சிதறிக் கிடந்த கலர் பென்சில்களின் மேல்.

"ஆயா, இத தொட்டீங்களா?"

ராக்காயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வேலைக்குப் போகும் தோட்டத்துப் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் முப்பது வருஷம் தொட்டில் ஆட்டியவள். "நா ஏம்மா அதப் போய்த் தொடப்போறேன்? தூசி தட்டக்கூட பக்கத்துல போறதில்ல. எனக்கும் அதுக்கும் ஆகாதுன்னு ஒங்களுக்கே தெரியும்ல."

"அதுவா திரும்பிச்சும்மா," என்றாள் நிரூபா, மாமரத்துக்கு ஊதா நிறம் அடித்துக்கொண்டே.

கரண்ட் போய்ப் போய் வருகிற இடம். கரண்ட் வந்ததும் அது ஒரு சுற்றுச் சுற்றித்தான் நிற்கும். அப்படித்தான் இருக்கும் என்று யோகராணி நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததற்குப் பிற்பாடு தன்னைத் தானே அறைந்துகொள்ளப்போகிறாள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

வீடு, ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் ரோட்டில், ஆட்டோவில் இருபது நிமிஷத் தூரத்தில் இருந்தது. லக்ஸ்மன் கட்டாரில் ஆறு வருஷம் கிரேன் ஓட்டிக் கட்டிய வீடு. மூன்று பக்கமும் தேயிலை, நாலாவது பக்கம் ரோடு. கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. அந்த வருஷம், 2009இல், சித்திரை லீவுக்கு வந்தவன் பெட்டிக்குள்ளிருந்து கேமராவை எடுத்து வைத்து, "நீ ஆபீஸ்ல இருந்தே இதத் திருப்பித் திருப்பி புள்ளயப் பாக்கலாம், பேசலாம், நானும் டோஹாவுல இருந்து பாப்பேன்," என்றபோது யோகராணிக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. ஹட்டனில் உர ஏஜென்சி ஒன்றில் அவள் கிளார்க். பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற ஒவ்வொரு காலையும் ரோட்டிலிருந்து இரண்டு மூன்று தரம் வீட்டைத் திரும்பிப் பார்ப்பாள்.

இணைப்பைப் போட்டுக் கொடுத்தவர் ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் ஜெயதீபன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். போகும்போது படியில் நின்று சொன்னார்: "தங்கச்சி, இந்தப் பாஸ்வேர்டு பெட்டியோட வந்தது. உடன மாத்திப்போடுங்கோ. தாளில எழுதி வைக்கவும் வேண்டாம்."

தாளில் எழுதாமல் வேறு எதில் எழுதுவதாம்! யோகராணி வளர்ந்த வீடு அப்படிப்பட்டது. அவளுடைய அப்பா வீரய்யா பாதி ஆயுளை நாடில்லாத ஆளாகக் கழித்தவர். பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்த பிறகு அதன் ஒரு மூலையைக் கறையான் தின்றுவிட, அதற்காகக் கண்டிக்கும் கொழும்புக்கும் நாயாய் அலைந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் முக்கியமான தாள் என்றால் கொப்பி எடுப்பார்கள், லேமினேட் பண்ணுவார்கள், கீழே பெயர், விலாசம், டெலிபோன் நம்பர் எழுதுவார்கள். தொலைந்தால் கண்டெடுப்பவர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் அல்லவா?

அப்படியேதான் செய்தாள். கேமராவின் இன்டர்நெட் விலாசம், பெயர், பாஸ்வேர்டு, அதற்குக் கீழே தன் பெயர், வீடு இருக்கும் இடம், வீட்டு டெலிபோன் நம்பர் எல்லாம் அழகாக டைப் அடித்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் போட்டோ கொப்பி எடுக்கும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். மெஷின் மை கக்கி இருபது தாள்வரை கறுப்புக் கோடு விழுந்து வீணாகியது. வேலை செய்த பெண் அவற்றை மேசைக்கடியில் பெட்டிக்குள் தள்ளிவிட்டாள். நல்லதாக வந்த மூன்றை லேமினேட் பண்ணி, ஒன்றை டோஹாவுக்குத் தபாலில் அனுப்பி, ஒன்றை அலுமாரியிலும் ஒன்றைக் கைப்பையிலும் வைத்தாள் யோகராணி. லேமினேட் பண்ணிய பிறகு யாராவது பாஸ்வேர்டை மாற்றுவார்களா? மாற்றினால் மூன்று தாளும் பொய்யாகிவிடுமே.

ஐப்பசியில் மூடுபனி இறங்கத் தொடங்கியது. பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் தேயிலை மேட்டிலிருந்து புகைபோல வழிந்து வந்து, முதலில் ரோட்டை மறைத்து, பிறகு படியை மறைத்து, கடைசியில் ஜன்னல் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் எந்தச் சத்தமும் பெரிதாகத்தான் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், துணி மடித்துக்கொண்டிருந்த யோகராணிக்குச் சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்டது, அடுப்படியில் தண்ணீர் சொட்டுவது கேட்டது, அதற்கு இடையில் இன்னொன்றும் கேட்டது. ர்ர்ர். நிறுத்திவிட்டு மறுபடி, ர்ர்ர். மடித்த துணியோடு அறைக்குப் போனாள். ர்ர்ர். திரும்பி வந்தாள். ர்ர்ர். கேமரா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டோஹாவில் லக்ஸ்மன் பார்க்கிறானோ? போன் போட்டாள். அவன் சைட்டில் இருந்தான். ஒரு கிழமையாகக் கேமராவைத் திறக்கவே இல்லை என்றான்.

பாயில் நிரூபா தனக்குள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு மழ வருமா?" என்றாள் சோகேஸைப் பார்த்து.

வெள்ளைத் தலை மெதுவாக இடப்பக்கம் போனது. வலப்பக்கம் போனது. மறுபடி இடப்பக்கம்.

"வராதாம்," என்றாள் நிரூபா அம்மாவிடம். "சரி, நான் நல்ல புள்ளயா?"

தலை கீழே குனிந்து மேலே நிமிர்ந்தது. குனிந்து நிமிர்ந்தது.

யோகராணியின் கையிலிருந்து துணிகள் விழுந்தன. "நிரூ… யாருப்பா அது?"

"கண்ணு மாமா. அம்மா வேலக்கி போனாத்தான் பேசுவாங்க. பூன மாதிரி கத்துவாங்க. ஆயா மாதிரி பேசுவாங்க. அம்மா மாதிரியும் பேசுவாங்கம்மா, எனக்கு சிரிப்பு சிரிப்பா வரும்."

பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். வெளியே, ஆளில்லாத ஹாலில், ர்ர்ர் என்று அது அறைக்கதவின் பக்கம் திரும்புவது கேட்டது.

எப்படி வந்தான்? எங்கிருந்து பார்க்கிறான்? அன்று மாலையே பதில் கிடைத்தது. ஹட்டனுக்குப் போயிருந்த ராக்காயி, பிள்ளைக்குப் பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கி வந்தாள். நிரூபா தின்று முடித்ததும் சுருளை எறியப்போன யோகராணி, அதில் தன் பெயரைப் பார்த்தாள். பிரித்தாள். உப்பும் எண்ணெயும் ஊறிய தாளில், ஒரு தடித்த கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் எல்லாம் இருந்தது. விலாசம், பாஸ்வேர்டு, டெலிபோன் நம்பர், நோட்டன் பிரிட்ஜ் ரோடு, எத்தனையாவது மைல்கல், எந்தப் பக்கம் படி. அதற்கும் கீழே அவளே டைப் அடித்த வரி: தயவுசெய்து கொண்டுவந்து சேர்க்கவும்.

"ஐயோ, நானே பத்திரிகை அடிச்சுக் கூப்பிட்டிருக்கேனே," என்று தலையில் அடித்துக்கொண்டாள். கழிவுத் தாளைக் கிலோவுக்கு வாங்கிக் கடலைக்காரர்கள் சுருள் சுற்றுவது யாருக்குத் தெரியாது? அவளே எத்தனை தரம் சுருளைப் பிரித்து யாரோ ஒரு பிள்ளையின் கணக்கு வினாத்தாளை வாசித்துச் சிரித்திருக்கிறாள். இருபது தாள். பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்காத ஆள் உண்டா?

ஜெயதீபன் மாஸ்டர் தாயைப் பார்க்க யாழ்ப்பாணம் போயிருந்தார். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முதலில பிளக்கைக் கழட்டுங்கோ தங்கச்சி. நான் செவ்வாய் வந்து பாக்கிறன்."

கழற்றினாள். மறுநாள் திங்கட்கிழமை ஆபீசில் இருந்த எட்டு மணித்தியாலமும் அவளுக்கு நரகமாக இருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த திரையில் வெறும் இருட்டு. ஒன்பது தரம் வீட்டுக்குப் போன் எடுத்தாள். "சும்மா சும்மா போன் வருதும்மா, எடுத்தா யாரும் பேசுறாங்க இல்ல," என்றாள் ராக்காயி. தான் எடுத்தது ஒன்பது. ராக்காயி சொன்னது பதினேழு. வேலையை விட்டுவிடலாமா? விட்டால் வீட்டுக் கடனை யார் கட்டுவது? வேறு ஆளைப் பிடிக்கலாமா? யாரை நம்புவது? மாஸ்டரிடமிருந்து, யாழ்ப்பாணப் பாதை மூடியிருக்கிறது, வர வெள்ளிக்கிழமை ஆகும் என்று தகவல் வந்தது. அதுவரை பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் பாவிக்கலாம், அவனால் உள்ளே வர முடியாது என்று போனிலேயே வழி சொல்லிக் கொடுத்தார்.

அன்று மாலை பிளக்கை மாட்டியதும் தலை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அதன் மேல் ஒரு துவாலையை எடுத்துப் போட்டாள் யோகராணி. முழுக்க மூடினாள். மூடிய துணிக்குள் ஏதோ மெல்ல அசைந்தது. முக்காடு போட்ட தலைபோல, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பார்க்கச் சகிக்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக் கம்ப்யூட்டர் மேசை முன் உட்கார்ந்தாள்.

மாஸ்டர் சொன்னபடி ஒவ்வொன்றாக அழுத்தினாள். புதிய பாஸ்வேர்டு: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பிறகு அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திர நம்பர். இதை யார் கண்டுபிடிப்பார்கள்? எழுதிவைக்காவிட்டால் தனக்கே மறந்துபோகும். புத்தம்புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். தடித்த பேனாவால் பெரிய எழுத்தில் எழுதினாள். மை காய ஊதினாள். சரியா என்று தூக்கிப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கத் தொடங்கினாள்.

பாதி வாசிக்கும்போது பின்னால் தொப்பென்று மெத்தென்ற சத்தம். மீதியையும் வாசித்துவிட்டுத்தான் தாளை இறக்கினாள்.

திரும்பினாள். துவாலை தரையில் கிடந்தது. கேமரா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒன்றுமே அறியாததுபோல.

வழுக்கி விழுந்திருக்கும். தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். இந்தத் தடவை கொப்பி எடுக்கப்போவதில்லை, லேமினேட்டும் இல்லை. புத்தி வந்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய் கேமரா அசையவில்லை. புதன் அசையவில்லை. ஆபீசிலிருந்து பார்த்தபோதெல்லாம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. நிரூபா மட்டும் அதற்கு முன்னால் உட்கார்ந்து, "மாமா கோவமா?" என்று கேட்டுக்கேட்டு உதட்டைப் பிதுக்கினாள். புதன் இரவு யோகராணி வயிறாரச் சாப்பிட்டாள். நாலு நாளில் முதல் தடவை.

வியாழக்கிழமை பிற்பகல் ஹட்டனில் மழை இல்லை. மூடுபனி மட்டும், எதிர்க் கடையின் பெயர்ப்பலகை தெரியாத அளவுக்கு. முதலாளி மர்சூக் நானா மேசையில் பில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகள் மலேசியாவில் படிக்கிறாள். அவளோடு பேச வாங்கிய ஹெட்செட்டை யோகராணிக்குப் பாவிக்கக் கொடுத்திருந்தார். அதைக் காதில் மாட்டிக்கொண்டு, இரண்டு நாற்பதுக்கு, வீட்டைத் திறந்தாள்.

ஹால். கதவு. முக்காலி. பாயில் நிரூபா. நல்லது.

டெலிபோன் மணி அடித்தது. ராக்காயி ரிசீவரை எடுத்துக் கத்தினாள். "என்னாது? கேக்கல்ல! யோகம்மாவா? ரோட்டுலயா? அய்யய்யோ, அடி பலமா?"

"ஆயா! ஆயா, நா நல்லாத்தான் இருக்கேன்! பொய்யி ஆயா!" யோகராணி போட்ட கூச்சலில் மர்சூக் நானா எழுந்து நின்றார். அந்தக் குரல் கேமராவிலிருந்து வெளியே வந்திருக்கும். ராக்காயியின் மந்தக் காதுக்கு அது எட்டவில்லை. ரிசீவரை மேசையில் அப்படியே போட்டுவிட்டுக் கம்பளியைத் தலையில் போர்த்திக்கொண்டாள் ராக்காயி. "பாப்பா, அம்மாவ கூட்டிட்டு வந்துர்றேன். கொண்டிய போட்டுக்க. அம்மா கொரல் கேட்டாத்தான் தொறக்கணும், சரியா?"

போய்விட்டாள். நிரூபா முக்காலியில் ஏறிக் கொண்டியைப் போட்டாள்.

வீட்டு நம்பரை அழுத்தினாள் யோகராணி. எங்கேஜ். மறுபடி. எங்கேஜ். விஷயத்தை மர்சூக் நானாவிடம் எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் வேன் சாவியை எடுத்துவிட்டார்.

"நானும் வாறேன் நானா!"

"வேணாம் புள்ள! ஒங்கட சத்தம்தான் அங்க போகுது. நீங்க இதிலயே இரிங்க, புள்ளயோட பேசிக்கிட்டே இரிங்க. நான் போறன்." போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டே படியில் இறங்கி ஓடினார்.

இருபது நிமிஷம். இந்த மூடுபனியில் இருபத்தைந்து.

"நிரூ, அம்மா பேசுறேன். கதவ தொறக்காத தங்கம். யாரு வந்தாலும் தொறக்காத."

நிரூபா கேமராவை அண்ணாந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. "மாமா! கோவம் போயிருச்சா?"

"மாமா இல்லடா, அம்மா! அம்மாதான்!"

பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அம்மா மாதிரியே பேசுறீங்க!"

"நிரூ, நா சத்தியமா அம்மா. காலைல ஒனக்கு செவப்பு ரிப்பன் கட்டி விட்டேன்ல? முட்ட வேணாம்னு அழுதேல்ல?"

"அதெல்லாம் மாமா பாத்துக்கிட்டுதான இருந்தீங்க," என்றாள் நிரூபா.

ஆமாம். பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான். எல்லாவற்றையும். துவாலை. கடவுளே, அந்தத் துவாலை. தூக்கிப் பிடித்து வாசித்த அந்தப் புதுத் தாள்.

அப்போது படம் நகர்ந்தது. அவள் திரையில் எந்த அம்புக்குறியையும் தொடவில்லை. கதவு ஓரமாக ஒதுங்கியது, ஜன்னல் வந்தது. ஜன்னல் முழுக்க வெள்ளை. வெள்ளைக்குள் ஒரு கறுப்பு, ஆள் உயரத்துக்கு. நின்றது. கடந்து போனது.

இடப்பக்கம் அழுத்தினாள். படம் கதவுக்கு வந்தது. யாரோ வலப்பக்கம் அழுத்தினார்கள். ஜன்னல். இடப்பக்கம். கதவு. வலப்பக்கம். ஜன்னல். ர்ர்ர். ர்ர்ர்.

வாசலில் ஒருவன் நிற்கிறான். அப்படியானால் இதைத் திருப்புவது யார்?

இருபது தாள்.

டக், டக், டக்.

வெளியிலிருந்து ஒரு குரல். களைத்த குரல். பாசமான குரல். "நிரூ, அம்மா வந்துட்டேன், தொறப்பா."

அவளுடைய குரல். அச்சு அசல் அவளுடைய குரல். கூடவே சடசடவென்று மழைச் சத்தமும் கேட்டது. இன்று மழையில்லை. அது எந்த நாளின் மழையோ. எந்த நாளின் மாலையோ. தினமும் இந்த ஹாலுக்கு வெளியே நின்று அவள் சொன்னதை, தினமும் இந்தக் கேமரா கேட்டிருக்கிறது.

"நிரூ! வேணாம்! அது அம்மா இல்ல! தொறக்காதடா!"

"மாமா, சும்மா இருங்க," என்றாள் நிரூபா. "அம்மா வந்துட்டாங்க."

படம் சுவருக்குத் திரும்பியது. வெறும் சுவர். காலண்டர். வலப்பக்கம் அழுத்தினாள். அசையவில்லை. அழுத்தினாள். அழுத்தினாள். முக்காலி இழுபட்டது. "நிரூ!" கொண்டி நகர்ந்தது. "நிரூ! என் தங்கமே, அம்மா சொல்றதக் கேளுடா!" கீல் கிறீச்சிட்டது.

மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. பிறகு சட்டென்று நின்றது.

ஒன்றுமில்லை. கடிகாரம். மேசையில் கிடந்த ரிசீவரின் கீச்சொலி. அவ்வளவுதான்.

யோகராணி இரண்டு கையாலும் திரையைப் பிடித்துக்கொண்டாள். ஓடவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. எவ்வளவு நேரம் அந்தச் சுவரைப் பார்த்தாளோ. பிறகு, கேட்காமலே, படம் மெல்லத் திரும்பியது.

கதவு அகலத் திறந்து கிடந்தது. முக்காலி சாய்ந்திருந்தது. வாசற்படியில் ஒரு சின்னச் செருப்பு. அதன் பக்கத்தில் நிமிர்த்தி வைத்த ஒரு கடலைச் சுருள். மூடுபனி படியைத் தாண்டி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

"ஐயா," என்றாள். "யாரா இருந்தாலும் சரிங்கய்யா. எம் புள்ள ஒங்ககிட்டயா இருக்கா?"

படம் கீழே இறங்கியது. தரை. மேலே ஏறியது. கூரை. தரை. கூரை.

"ஒங்க கால்ல விழுறேன். நா யாருக்கும் சொல்ல மாட்டேன். என்னா வேணும்னாலும் எடுத்துக்குங்க. திருப்பித் தந்துருவீங்கதான?"

படம் அசையாமல் நின்றது. திறந்த வாசலைப் பார்த்தபடி, யோசிப்பதுபோல, வெகுநேரம்.

பிறகு மெதுவாக நகரத் தொடங்கியது. இடப்பக்கம், சுவர். வலப்பக்கம், ஜன்னல். நடுவில் அந்த வாசல் வந்து வந்து போனது. சுவர். வாசல். ஜன்னல். வாசல். சுவர். ஒவ்வொரு தடவை வரும்போதும் மூடுபனி இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. செருப்பை மூடியது. சுருளை மூடியது. படம் நிற்கவில்லை.